கண்ணுக்குள் ஓர் அமைதி ஒப்பந்தம்: வெய்ன் ஸ்ட்ரைலைனின் ஆய்வுப் பயணம்



ஒரு சின்னக் கேள்வியோடு தொடங்குவோம். கையில் கொசு கடித்தால் என்ன ஆகும்? தோல் சிவக்கும், வீங்கும், அரிக்கும். இரண்டு நாளில் தானாக அடங்கிவிடும். இதைத்தான் அழற்சி என்கிறோம். நம் உடலைக் காக்கும் படை அந்த இடத்தில் இறங்கி வேலை செய்கிறது என்பதற்கு அது அடையாளம். சரி, அதே வீக்கம் கண்ணுக்குள்ளே வந்தால் என்ன ஆகும்?

கையில் வந்த வீக்கம் தழும்புகூட இல்லாமல் மறைந்துவிடும். கண்ணுக்குள் வந்தால் பார்வையே போய்விடலாம். கண்ணின் முன்பக்கத்தில் இருக்கும் கார்னியா என்னும் ஒளிபுகும் படலம் ஏறக்குறைய அரை மில்லிமீட்டர் தடிமன்தான். அதில் இரத்தக் குழாய்களே கிடையாது. இருந்தால் ஒளி தடைபடும். பின்பக்கத்தில் உள்ள விழித்திரையில் சுமார் 12 கோடி கோல் உயிரணுக்களும் 60 இலட்சம் கூம்பு உயிரணுக்களும் உள்ளன. இவை ஒருமுறை அழிந்தால் மீண்டும் முளைப்பதில்லை. அப்படின்னா, கிருமியை விரட்ட வரும் படையே கண்ணைக் குருடாக்கிவிடும் ஆபத்து இருக்கிறது. நூலகத்தில் தீப்பிடித்தால் பொம்பா வண்டி வந்து தண்ணீரைப் பாய்ச்சும். தீ அணைந்துவிடும். ஆனால் புத்தகங்கள் மிஞ்சுமா?

இந்தச் சிக்கலை நம் கண் எப்படிச் சமாளிக்கிறது என்பதைக் கண்டறிவதில் தம் ஆய்வு வாழ்வின் பெரும்பகுதியைச் செலவிட்டவர் அமெரிக்க மருத்துவ அறிஞர் ஜே. வெய்ன் ஸ்ட்ரைலைன் (1935–2004). அவருடைய கதையைச் சொல்ல வேண்டுமானால், அவருடைய ஆசிரியரின் ஆசிரியரிடமிருந்து தொடங்க வேண்டும்.

1. புதிருக்கு வயது 150

1873-ஆம் ஆண்டில் வான் டோரமால் என்ற டச்சு ஆய்வாளர் விந்தையான ஒன்றைக் கவனித்தார். எலியின் தோல் துண்டு ஒன்றை நாயின் கண்ணுக்குள் வைத்தபோது, அது உடனே அழிந்துபோகாமல் நெடுநாள் உயிரோடு இருந்தது. வேற்று விலங்கின் திசு உடலின் வேறு இடங்களில் இப்படித் தாக்குப்பிடிக்காது. ஏன் இப்படி என்பது அன்று யாருக்கும் புரியவில்லை.

அடுத்த நிகழ்ச்சி 1905 டிசம்பர் 7-ஆம் நாள் நடந்தது. இன்று செக் நாட்டில் உள்ள ஓலோமூட்ஸ் நகரில் எட்வர்ட் சிர்ம் என்ற கண் மருத்துவர், சுண்ணாம்பு பட்டுப் பார்வை இழந்திருந்த அலோயிஸ் குளோகர் என்ற தொழிலாளிக்கு வேறொருவரின் கார்னியாவைப் பொருத்தினார். காயத்தால் அகற்ற வேண்டியிருந்த ஒரு சிறுவனின் கண்ணிலிருந்து எடுக்கப்பட்ட கார்னியா அது. பொருத்தப்பட்ட இரண்டு கண்களில் ஒன்றில் அது தெளிவாக நிலைத்தது. குளோகர் மீண்டும் வேலைக்குத் திரும்பினார்.

கொஞ்சம் யோசித்துப் பாருங்க. மனிதருக்குச் சிறுநீரகத்தை வெற்றிகரமாக மாற்றிப் பொருத்தியது 1954-இல்தான். அதுவும் உருவொத்த இரட்டையர்களுக்கு இடையே. ஆனால் கார்னியா அதற்கு 49 ஆண்டுகளுக்கு முன்பே, திசுப் பொருத்தம் பார்க்காமல், எதிர்ப்பை அடக்கும் மருந்து எதுவும் இல்லாமல், ஒட்டிக்கொண்டது. கண்ணில் ஏதோ ஒரு தனிச் சலுகை இருக்கிறது என்பது இதிலிருந்தே தெரிகிறது அல்லவா?

2. மெடவாரின் விடை

அந்தச் சலுகைக்குப் பெயர் வைத்தவர் பீட்டர் மெடவார். பிரேசிலில் பிறந்து, இங்கிலாந்தில் கல்வி கற்றவர். இரண்டாம் உலகப் போரில் தீக்காயம் அடைந்தவர்களுக்கு மற்றவரின் தோலை ஒட்டினால் அது ஏன் சில நாள்களில் உதிர்ந்துவிடுகிறது என்ற கேள்வி அவரிடம் வந்தது. முதல் முறை ஒட்டிய தோலைவிட, அதே கொடையாளரிடமிருந்து இரண்டாம் முறை எடுத்து ஒட்டிய தோல் இன்னும் வேகமாக உதிர்ந்தது. அதாவது, உடல் அந்தத் தோலை நினைவில் வைத்திருக்கிறது. எனவே இது நோயெதிர்ப்பு மண்டலத்தின் வேலைதான் என்று அவர் காட்டினார்.

1948-இல் மெடவார், முயல்களின் கண்ணில் உள்ள முன்னறையில் வேறு முயலின் தோலை வைத்துப் பார்த்தார். முன்னறை என்பது கார்னியாவுக்கும் கருவிழிக்கும் இடையே நீர் நிறைந்திருக்கும் சிறிய இடம். மனிதக் கண்ணில் அதில் இருக்கும் நீர் கால் மில்லிலிட்டர் அளவுதான். அங்கே வைத்த தோல் பிழைத்தது. மூளையிலும் இதுபோன்ற ஒரு சலுகை இருப்பதை அவர் கண்டார். இப்படிப்பட்ட இடங்களை 'நோயெதிர்ப்புச் சலுகை பெற்ற இடங்கள்' என்று அழைக்கத் தொடங்கினர்.

மெடவார் தந்த விளக்கம் எளிமையானது. கண்ணின் உட்பகுதியில் நிணநீர் வடிகால் இல்லை. ஆகவே உள்ளே அந்நியப் பொருள் வந்திருக்கும் செய்தி வெளியே போகாது. செய்தி போகாததால் படையும் வராது. சுருக்கமாகச் சொன்னால், நோயெதிர்ப்பு மண்டலத்துக்குக் கண்ணுக்குள் நடப்பது தெரியாது. அவ்வளவுதான்.

இந்த விளக்கம் கால் நூற்றாண்டு நிலைத்து நின்றது. 1960-இல் மெடவார் நோபல் பரிசும் பெற்றார். அந்தப் பரிசு வேறோர் ஆய்வுக்காகக் கிடைத்தது. பிறப்பதற்கு முன்பே வேற்று உயிரணுக்களைச் சந்தித்த எலி, பின்னாளில் அந்த உயிரணுக்களை எதிர்ப்பதில்லை என்று அவர் ரூபர்ட் பில்லிங்ஹாம், லெஸ்லி பிரெண்ட் ஆகிய இருவரோடு சேர்ந்து 1953-இல் நிறுவியிருந்தார். பரிசுத் தொகையில் அவர்கள் இருவருக்கும் பங்கு கொடுத்தவர் மெடவார். ஆசிரியர்கள் வகுப்பில் சொல்ல வேண்டிய செய்தி இது.

3. மாணவரின் மாணவர்

அந்த ரூபர்ட் பில்லிங்ஹாம் 1957-இல் இலண்டனிலிருந்து அமெரிக்காவின் பிலடெல்பியா நகருக்குக் குடிபெயர்ந்தார். அங்கே பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் மருத்துவம் படித்த ஸ்ட்ரைலைன், அவரோடு சேர்ந்து ஆய்வில் இறங்கினார். மாற்றிப் பொருத்திய திசுவை உடல் ஏன் ஏற்கிறது, ஏன் மறுக்கிறது என்பதே இருவரின் கேள்வி. பில்லிங்ஹாம் 1971-இல் டெக்சஸ் மாநிலத்தின் டாலஸ் நகரில் ஒரு துறைக்குத் தலைவராகச் சென்றார். ஸ்ட்ரைலைனும் அங்கே போனார்.

டாலஸில் அவருக்குக் கிடைத்த துணைவர் ஹென்றி காப்லன் என்ற இளம் கண் மருத்துவர். ஒருவருக்கு நோயெதிர்ப்பு தெரியும்; மற்றவருக்குக் கண் தெரியும். இருவரும் சேர்ந்து மெடவாரின் விளக்கத்தையே சோதித்துப் பார்க்கத் துணிந்தார்கள்.

1974-இல் அவர்கள் 'நேச்சர்' இதழில் வெளியிட்ட கட்டுரையின் தலைப்பே ஒரு கேள்விதான்: சலுகை பெற்ற இடங்களுக்கு வேலை செய்யும் மண்ணீரல் தேவையா? மண்ணீரல் எங்கே இருக்கிறது? வயிற்றின் இடப்பக்கத்தில். கண்ணுக்கும் அதற்கும் என்ன சம்பந்தம்? கண்ணுக்குள் நடப்பது உடலுக்குத் தெரியாது என்றால் இப்படிக் கேட்பதிலேயே பொருள் இல்லை. அதனால்தான் இந்தக் கேள்வி முக்கியம்.

4. மூன்று சோதனைகள், ஒரு முடிவு

முதல் சோதனை: எலிகளின் முன்னறையில் வேற்று எலியின் வெள்ளை உயிரணுக்களைச் செலுத்தினார்கள். மெடவார் சொன்னபடி உடலுக்குச் செய்தியே போகவில்லை என்றால், இரத்தத்தில் எந்த மாற்றமும் இருக்கக்கூடாது. ஆனால் இரத்தத்தில் அந்த உயிரணுக்களுக்கு எதிரான எதிர்ப்பொருள்கள் இருந்தன! உடல் அந்நியரைப் பார்த்துவிட்டது. அடுத்து, அதே வகைத் தோலை அந்த எலிகளின் உடலில் ஒட்டினார்கள். அது வழக்கத்தைவிட அதிக நாள் நிலைத்தது. பார்த்தும் தாக்கவில்லை. 1977-இல் காப்லனும் ஸ்ட்ரைலைனும் இதை வெளியிட்டார்கள்.

இரண்டாம் சோதனை: 1980-ஐ ஒட்டிய ஆண்டுகளில் ஜெரி நீடர்கார்ன் என்ற ஆய்வாளர் ஸ்ட்ரைலைனோடு சேர்ந்தார். இப்போது சுண்டெலிகள். சுண்டெலியின் கண் மிளகைவிடச் சிறியது. அதன் முன்னறைக்குள் நுண்ணோக்கியின் உதவியோடு புற்றுநோய் உயிரணுக்களைச் செலுத்த வேண்டும். தோலுக்கு அடியில் செலுத்தினால் அந்தச் சுண்டெலிகள் இப்புற்றை அழித்துவிடும். கண்ணுக்குள் செலுத்தியபோது அது வளர்ந்துகொண்டே போனது. அதே இனத்துச் சுண்டெலியின் தோலை ஒட்டினாலும் உடல் பொறுத்துக்கொண்டது.

மூன்றாம் சோதனை: சுண்டெலிகளின் மண்ணீரலை முன்கூட்டியே அகற்றிவிட்டு இதையே செய்தார்கள். இப்போது பொறுமை இல்லை. உடல் வழக்கம்போலத் தாக்கியது. 1981-இல் வெளிவந்த இந்த முடிவு, 1974-இல் கேட்ட கேள்விக்கு விடை தந்தது. ஆம், மண்ணீரல் வேண்டும்.

இந்த நிகழ்வுக்கு ஸ்ட்ரைலைன் குழுவினர் 'முன்னறை சார்ந்த நோயெதிர்ப்பு விலகல்' என்று பொருள்படும் பெயரைத் தந்தார்கள். 'விலகல்' என்ற சொல்லைக் கவனியுங்கள். 'இன்மை' என்று அவர்கள் சொல்லவில்லை. எதிர்ப்பு இருக்கிறது, பாதை மட்டும் மாறுகிறது. எதிர்ப்பொருள்கள் உருவாகின்றன. திசுவை வீங்கவைத்துச் சிதைக்கும் அழற்சி வகைத் தாக்குதல் மட்டும் தடுக்கப்படுகிறது.

5. செய்தி போகும் வழி

பின்னர் ஸ்ட்ரைலைன் புளோரிடாவின் மயாமி பல்கலைக்கழகத்திலும், அதன்பிறகு பாஸ்டன் நகரின் ஸ்கெப்பன்ஸ் கண் ஆய்வு நிலையத்திலும் பணியாற்றினார். ஸ்கெப்பன்ஸ் நிலையத்தின் தலைவராகவும் இருந்தார். அவரும் பிறரும் படிப்படியாகக் கண்டறிந்த வழியைச் சுருக்கமாகப் பார்ப்போம்:

• கண்ணின் முன்னறைக்குள் அந்நியப் பொருள் வருகிறது. அங்குள்ள விழுங்கு உயிரணுக்கள் அதை எடுத்துக்கொள்கின்றன.

• முன்னறையில் இருப்பது வெறும் நீர் அல்ல. எதிர்ப்பைத் தணிக்கும் புரதங்கள் அதில் கலந்துள்ளன. டிஜிஎஃப்-பீட்டா என்ற புரதம் அவற்றுள் முக்கியமானது என்று ஸ்ட்ரைலைன் குழு 1991-இல் காட்டியது. இந்த நீரில் ஊறிய விழுங்கு உயிரணு, 'சண்டை வேண்டாம்' என்ற குறிப்போடு புறப்படுகிறது.

• அது நிணநீர் வழியாகப் போவதில்லை; இரத்தத்தின் வழியாக நேரே மண்ணீரலை அடைகிறது.

• மண்ணீரலில் கட்டுப்படுத்தும் டி-உயிரணுக்கள் உருவாகின்றன. அந்தக் குறிப்பிட்ட பொருளுக்கு எதிரான அழற்சியை உடல் முழுவதும் இவை அடக்கி வைக்கின்றன.

இதோடு முடியவில்லை. 1995-இல் செயின்ட் லூயிஸ் நகரில் தாமஸ் கிரிஃபித், தாமஸ் ஃபெர்குசன் ஆகியோர் இன்னொரு காவலைக் கண்டார்கள். கண்ணின் உள் திசுக்களில் ஃபாஸ் லிகண்ட் என்ற மூலக்கூறு இருக்கிறது. தாக்க வரும் உயிரணு அதைத் தொட்டால் தானே மடிந்துவிடும். வாசலில் காவலாளி, உள்ளே சமாதானத் தூதர், தலைமையகத்தில் ஒப்பந்தம் என்று கண் பல அடுக்குகளில் அமைதியைக் காக்கிறது.

மெடவார் முழுக்கத் தவறா? இல்லை. கண்ணுக்கும் இரத்தத்துக்கும் இடையே தடுப்புச் சுவர் இருப்பது உண்மை. ஆனால் அந்தச் சுவர் மட்டும் போதுமான விளக்கம் அல்ல. கண் மறைந்திருப்பதால் மட்டும் பிழைக்கவில்லை. உடலோடு பேசி, இணக்கம் செய்துகொண்டு பிழைக்கிறது.

6. அமைதிக்கு ஒரு விலை

எந்த ஒப்பந்தத்துக்கும் விலை உண்டு. இரண்டாம் சோதனையில் பார்த்தோமே, அந்தப் புற்று கண்ணுக்குள் தடையின்றி வளர்ந்தது. அடக்கி வாசிக்கும் படை, அடிக்க வேண்டிய எதிரியையும் சில வேளைகளில் விட்டுவிடும்.

ஒப்பந்தம் முறிந்தாலும் ஆபத்துதான். பிரெயில் எழுத்தை உருவாக்கிய லூயி பிரெயிலை எல்லா ஆசிரியர்களுக்கும் தெரியும். 1809-இல் பிரான்சில் பிறந்தவர். 3 வயதில் தந்தையின் தோல் பட்டறையில் கூரிய கருவி பட்டு ஒரு கண்ணில் காயம். 5 வயதுக்குள் அடிபடாத மறு கண்ணின் பார்வையும் போயிற்று. ஒரு கண்ணில் ஆழமான காயம் ஏற்பட்டபின், நோயெதிர்ப்பு மண்டலம் கண்ணின் திசுக்களையே பகையாக எண்ணி நல்ல கண்ணையும் தாக்கும் நோய் ஒன்று உண்டு. பிரெயிலுக்கு வந்தது அதுவே என்று மருத்துவர் பலர் கருதுகின்றனர்.

காயமே இல்லாமலும் இது நேரலாம். கருவிழி உள்ளிட்ட நடுப்படலத்தில் வரும் அழற்சியை யூவியைட்டிஸ் என்கிறோம். சிலருக்குக் கிருமியால் வருகிறது. சிலருக்கு உடலின் சொந்தப் படையால் வருகிறது. கண் சிவந்து, வலித்து, வெளிச்சத்தைப் பார்க்கக் கூசினால் அதைச் சாதாரணக் கண்வலி என்று விட்டுவிடக்கூடாது. மாணவர்கள் இப்படிச் சொன்னால் மருத்துவரிடம் அனுப்பிவிடுங்கள். மருந்துக்கடையில் ஏதாவது சொட்டுமருந்து வாங்கிப் போட்டுக்கொள்வதும் சரியல்ல.

கார்னியா மாற்று சிகிச்சையிலும் இந்த அறிவு உதவுகிறது. ஒட்டிய கார்னியாவைத் தாங்கிக்கொண்ட சுண்டெலிகளிடம், அந்தக் கொடையாளரின் திசுவுக்கு எதிரான அழற்சி அடங்கியிருப்பதை ஸ்ட்ரைலைன் குழு 1993-இல் காட்டியது. கண்ணில் ஏற்கனவே அழற்சி வந்து புதிய இரத்தக் குழாய்கள் வளர்ந்திருந்தால் ஒப்பந்தம் பலவீனப்படும். அப்படிப்பட்டவர்களின் உடல் புதிய கார்னியாவை நிராகரிக்கும் வாய்ப்பு கூடுகிறது.

7. அவருக்குப் பின்

ஸ்ட்ரைலைன் 2004-இல் காலமானார். ஆனால் அந்தத் துறை நிற்கவில்லை. அமெரிக்கத் தேசியக் கண் நிலையத்தில் ராபர்ட் நுசன்பிளாட், எதிர்ப்பை அடக்கும் சைக்ளோஸ்போரின் மருந்தை யூவியைட்டிஸ் நோயாளிகளுக்கு 1980-களிலேயே பயன்படுத்திக் காட்டியிருந்தார். 2016-இல் அடலிமுமாப் என்ற ஊசிமருந்து, கிருமியால் வராத சில வகை யூவியைட்டிஸுக்கு அமெரிக்காவில் ஒப்புதல் பெற்றது.

அதே நிலையத்தில் ரேச்சல் காஸ்பியின் குழு 2015-இல் மற்றொரு வியப்பைத் தந்தது. கண்ணைத் தாக்கும் டி-உயிரணுக்கள் கண்ணில்தானே உசுப்பப்பட வேண்டும்? அவர்கள் ஆய்ந்த சுண்டெலிகளில் அவை குடலில், அங்கு வாழும் நுண்ணுயிர்களால் உசுப்பப்பட்டன. அன்று கண்ணையும் மண்ணீரலையும் சேர்த்துப் பார்த்தார்கள். இன்று கண்ணையும் குடலையும் சேர்த்துப் பார்க்கிறார்கள்.

8. நாம் எடுத்துக்கொள்ள வேண்டியது

மாணவர்களே, தேர்வுத் தாளில் 'கண்ணில் நோயெதிர்ப்பு இல்லை' என்றோ, 'கார்னியாவில் இரத்தக் குழாய் இல்லை, அதனால் நிராகரிப்பு நடக்காது' என்றோ எழுதிவிடாதீர்கள். முதல் கூற்று தவறு. இரண்டாவது, பாதி விளக்கம். அதோடு, நிராகரிப்பு குறைவே தவிர, நடக்கவே நடக்காது என்பதும் இல்லை. 'கண், அழற்சியைக் கட்டுப்படுத்தித் தன் பார்வையைக் காத்துக்கொள்கிறது' என்று எழுதுங்கள்.

ஆசிரியர்களே, உங்களுக்கும் இதில் ஒரு பாடம் இருக்கிறது. நோபல் பரிசு பெற்ற மெடவார் சொன்ன விடையை மறுபடி சோதித்தவர் அவருடைய எதிரி அல்ல. அவருடைய கூட்டாளியிடம் பயின்றவர். குருவின் குரு சொன்னதாயிற்றே என்று ஸ்ட்ரைலைன் கையைக் கட்டிக்கொண்டு நின்றிருந்தால், 'கண்ணுக்குள் நடப்பது உடலுக்குத் தெரியாது' என்றே நாம் இன்றும் கற்பித்துக்கொண்டிருப்போம். வகுப்பில் ஒரு மாணவர் எழுந்து, "சார், பாடநூலில் இப்படி இருக்கே, அது சரிதானா?" என்று கேட்டால், 'உட்காரு' என்று சொல்வதற்கு முன் ஒரு நிமிடம் கொடுங்கள். எப்படிச் சோதித்துப் பார்க்கலாம் என்று அவரையே திருப்பிக் கேளுங்கள்.

அருஞ்சொற்கள்

அழற்சி – காயத்துக்கோ கிருமிக்கோ எதிராகத் திசு சிவந்து, வீங்கி, வலிக்கும் நிலை.
எதிர்ப்பொருள் – அந்நியப் பொருளோடு ஒட்டிக்கொள்ள உடல் உருவாக்கும் புரதம்.
முன்னறை – கார்னியாவுக்கும் கருவிழிக்கும் இடையே நீர் நிறைந்த பகுதி.
மண்ணீரல் – இரத்தத்தை வடிகட்டி, நோயெதிர்ப்புக்கு உதவும் உறுப்பு.

வகுப்பறைக் கலந்துரையாடலுக்கு

1. கையில் நன்மை செய்யும் அழற்சி கண்ணுக்குள் ஏன் தீமை ஆகிறது? இரண்டு காரணங்கள் கூறுக.
2. முதல் சோதனையில் எலிகளின் இரத்தத்தில் எதிர்ப்பொருள்கள் காணப்பட்டன. இது மெடவாரின் விளக்கத்தை எவ்வாறு பாதிக்கிறது?
3. மண்ணீரலை அகற்றிய சுண்டெலிகளோடு, அகற்றாத சுண்டெலிகளையும் வைத்து ஒப்பிடுவது ஏன் தேவை?
4. 'நோயெதிர்ப்பு இன்மை', 'நோயெதிர்ப்பு விலகல்' – இரண்டுக்கும் உள்ள வேறுபாட்டை 50 சொற்களில் விளக்குக.